எழுபத்தொரு சதவீதத்தில் போன கரண்ட்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆடி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை காலை. இடம், ஜெகதாப்பட்டினத்தில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் இருக்கும் என் ஜெராக்ஸ் கடை.

கடை என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன், எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது ஒரு பீரோ. ஆதார் கார்டு, படகுப் பதிவு, பிள்ளைகளின் மார்க் ஷீட் என்று எது வந்தாலும் ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரோடு வயர் போட்டு மாட்டியிருக்கும் தனி ஹார்டு டிஸ்க் ஒன்றில் போட்டுவைப்பேன். நாளடைவில் யாரும் வீட்டில் பேப்பரைத் தேடுவதையே விட்டுவிட்டார்கள். எதைக் கேட்டாலும் "அக்காட்ட இருக்கும்" என்பார்கள். எனக்கும் அதில் தலைகால் புரியாத பெருமை. அத்தனை பேருடைய சங்கதியும் ஒரே ஒரு டிஸ்க்கில் இருக்கிறதே, அதற்கு ஒரு காப்பி வேண்டாமா என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. ஊருக்கே காப்பி எடுத்துக் கொடுப்பவள் நான்.

அன்று காலை ஒரு கல்யாண வீடியோவை அந்த டிஸ்க்கில் ஏற்றப் பார்த்தேன். ஃபைல் பெரிது, ஏற்ற முடியாது என்று வந்தது. டிஸ்க்கில் இடம் இல்லாமல் இல்லை. அது ஃபேட் 32 என்ற பழைய முறையில் இருந்தது. அந்த முறையில் நாலு ஜிபிக்கு மேல் உள்ள எதையும் ஒரே ஃபைலாக வைக்க முடியாது. என்.டி.எஃப்.எஸ். என்ற முறைக்கு மாற்றிவிட்டால் தொல்லை தீர்ந்தது. ஃபார்மட் செய்து மாற்றினால் உள்ளே இருப்பது மொத்தமும் போய்விடும். கன்வர்ட் என்று ஒரு வழி இருக்கிறது. வீட்டைக் காலி செய்யாமலே அலமாரியை மாற்றுவது போல, ஃபைல்கள் இருந்தபடி இருக்க, அடுக்கியிருக்கும் முறை மட்டும் மாறும். ஆனால் அது முடிகிறவரை டிஸ்க்கைத் திறக்க முடியாது, பாதியில் நின்றால் உள்ளே என்ன மிஞ்சும் என்று சொல்லவும் முடியாது. முதலில் எல்லாவற்றையும் வேறு இடத்தில் காப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி எங்கு பார்த்தாலும் எழுதியிருக்கும். பார்த்தேன், பார்த்துவிட்டு கட்டளையைத் தட்டினேன்.

பழைய டிஸ்க், ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன ஃபைல்கள். சதவீதக் கணக்கு நத்தையாக ஏறிக்கொண்டிருந்தது. பத்து மணி சுமாருக்கு எங்கள் தெருவில் இருக்கும் ஒரு மீனவரின் மனைவி ஓடிவந்தாள். செருப்பு இல்லை, முந்தானையை இழுத்துச் செருகியிருந்தாள்.

"அக்கா, அவுங்க இன்னும் கரைக்கு வரலக்கா. நேத்து மத்தியானம் போனவுங்க. விடியல்ல வந்திருக்கணும்" என்றாள்.

அவள் கணவரும் அவர் தம்பியும் ஃபைபர் படகில் தூண்டில் மீனுக்குப் போகிறவர்கள். செல்போன் கிடைக்கவில்லை. கடலோரக் காவல் நிலையத்துக்குச் சொல்லியாகிவிட்டது, சொந்தக்காரர்கள் மூன்று படகுகளைக் கிளப்பித் தயாராக நிற்கிறார்கள். ஆனால் எந்தப் பக்கம் போய்த் தேடுவது என்று யாருக்கும் தெரியவில்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கடலுக்கு அடியில் பாறைத்திட்டாக இருக்கும் இடங்களில்தான் நல்ல மீன் நிற்கும். அந்த இடங்களை ஜிபிஎஸ் கருவியில் எண்களாகக் குறித்துவைத்துக்கொள்வார்கள். பாயிண்ட் என்று பெயர். தன் பாயிண்ட்டை யாரும் அடுத்த படகுக்காரனிடம் சொல்வதில்லை. இந்த மனிதர் வருடக்கணக்காகச் சேர்த்த இருபத்து மூன்று பாயிண்ட்டுகளை ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தார். நோட்டு உப்புத்தண்ணீரில் ஊறி எழுத்து அழிய ஆரம்பித்ததும், கடையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து என்னை டைப் செய்யச் சொன்னார். "யாருட்டயும் காட்டிறாதீங்கக்கா" என்று மூன்று முறை சொன்னார். முடித்ததும் நோட்டைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஆக, ஜிபிஎஸ் கருவி அவரோடு கடலில். மீதி இருந்தது என் டிஸ்க்கில் இருந்த ஒரு பக்கம்தான்.

"ஏழாம் நம்பருக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனாங்கக்கா. அதை மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்றாள் அவள்.

நான் திரையைப் பார்த்தேன். அறுபத்து நாலு. "அஞ்சு நிமிஷம் பொறு, கம்ப்யூட்டர்ல ஒரு வேலை ஓடுது" என்றேன். எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்கே தெரியாது. வெளியே கச்சான் காற்று மண்ணை வாரிக்கொண்டிருந்தது. மேற்கிலிருந்து அடிக்கிற காற்று அது. இன்ஜின் நின்றுபோன படகை நாட்டுக் கடல் எல்லைப் பக்கமாகத்தான் தள்ளும். இதைச் சொல்லி அவளுக்குப் புரியவைக்க வேண்டியதில்லை.

அறுபத்தெட்டு. எழுபது. எழுபத்தொன்று வந்தபோது ஃபேன் நின்றது. மேஜைக்கு அடியில் இருந்த யுபிஎஸ் கீச்சென்று கத்த ஆரம்பித்தது.

எதிர்ச் சுவரைப் பார்த்தேன். மின் பராமரிப்பு, வியாழக்கிழமை காலை பத்து மணி முதல் மாலை ஐந்து மணி வரை மின்சாரம் இருக்காது என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தது. இரண்டு நாள் முன்பு லைன்மேன் வந்து அதைப் பத்துக் காப்பி எடுத்துப்போனார். எடுத்துக் கொடுத்தது நான்தான். இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு, கையில் வருவது எதையும் படிப்பதில்லை. என் கடைக்கு எதிரே நான் எடுத்த காப்பியே ஒட்டியிருந்தது, நான் பார்க்கவில்லை.

யுபிஎஸ் பழையது. மானிட்டரை அணைத்துவைத்தால் பத்துப் பன்னிரண்டு நிமிடம் தாங்கலாம். மானிட்டரை அணைத்தேன். அதற்கு மேல் மறைக்க முடியாமல் அவளிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன். இது பாதியில் நின்றால் அந்த ஏழாம் நம்பர் கிடைக்காமல் போகலாம், வேறு காப்பியும் இல்லை, தப்பு என்னுடையது.

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எங்க கரண்ட் இருக்கும்?" என்று மட்டும் கேட்டாள்.

எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். எதிர்ப்புறம் ஐஸ் கம்பெனி. ஜெனரேட்டர் அப்போதே ஓட ஆரம்பித்துவிட்டது, சத்தம் கேட்டது. ஆனால் நான் எந்த முகத்தோடு போய்க் கேட்பேன்?

அந்த ஜெனரேட்டர் முன்பெல்லாம் ரோட்டோரம், என் கடைக்கு நேர் எதிரே இருந்தது. புகையும் சத்தமும் என் கடைக்குள்தான் வரும். நானும் ஐஸ் கம்பெனிக்காரரும் ரோட்டில் நின்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி பேசிக்கொண்டோம். பிறகு நானே ஒரு புகார் மனு டைப் செய்து, புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறிப்போய், கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை மனு நாளில் கொடுத்தேன். அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். அவர் ஜெனரேட்டரைப் பெயர்த்துக் கொண்டுபோய் கம்பெனியின் பின்கோடியில் வைத்தார். அன்றிலிருந்து எட்டு மாதம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அவருடைய ஆட்கள் ஒரு ஜெராக்ஸ் எடுக்க மீமிசல் வரை போனார்கள். நான் ஜெயித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பழைய இடத்திலேயே இருந்திருந்தால் பத்தடி வயரில் வேலை முடிந்திருக்கும்.

ஐஸ் கம்பெனி கேட் வரை ஓடிய நான், உள்ளே கால் எடுத்துவைக்காமல் கொஞ்ச நேரம் நின்றேன். எவ்வளவு நேரம் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. ஒரு நிமிடம் இருக்கலாம். இரண்டு பேருடைய உயிர் அந்தப் பக்கம், என் வீம்பு இந்தப் பக்கம். வீம்பு ஒரு நிமிடம் தாக்குப்பிடித்தது. அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அதற்குள் ஐஸ் கம்பெனிக்காரரே என்னைப் பார்த்துவிட்டு வந்தார். "அண்ணே" என்றேன். எட்டு மாதத்துக்குப் பிறகு அந்த வார்த்தை வாயில் வந்தது. விஷயத்தை நாலு வரியில் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் நின்ற அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

"வயர் எட்டாதும்மா. ஜெனரேட்டர் இப்பப் பின்னாடில்ல கெடக்கு" என்றார். குத்திக்காட்டுகிற குரலில் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னார். பிறகு தன் லோடுமேன்களைப் பார்த்து, "ஐஸ் கட்டிய அப்படியே போட்டுட்டு அங்கிட்டு வாங்கப்பா, ஒரு சாமானத் தூக்கணும்" என்றார்.

நாலு பேர் வந்தார்கள். ஐஸ் கட்டி தூக்கிய ஈரக்கை. துடைத்துவிட்டுத் தொடச் சொன்னேன், சட்டையில் துடைத்தார்கள். ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் பெட்டியையும் யுபிஎஸ்ஸையும் வயர் பிரியாமல் ஒரு பலகையில் ஏற்றி, ஆளுக்கு ஒரு மூலையைப் பிடித்தார்கள். ஹார்டு டிஸ்க் உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது, ஒரு குலுங்கு குலுங்கினால் போய்விடும். அதை அவள் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பலகையை ஒட்டியே நடந்தாள். மானிட்டரைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால். ரோட்டில் வந்த மீன் வேன் எங்களைப் பார்த்துவிட்டு நின்றது. சாவு வீட்டு ஊர்வலத்துக்கு வழிவிடுகிற மாதிரி அந்த டிரைவர் இன்ஜினை அணைத்தார்.

பாதி வழியில் யுபிஎஸ் இடைவெளி விடாமல் கத்த ஆரம்பித்தது. சாகப்போகிறது என்று அர்த்தம். கம்பெனிக்குள் தரை முழுக்க ஐஸ் தண்ணீர். முன்னால் போனவருக்குக் கால் வழுக்கியது, பலகை சாய்ந்தது. மற்ற மூவரும் தோளைக் கொடுத்து நிமிர்த்தினார்கள். அவள் கையில் இருந்த டிஸ்க் அசையவில்லை.

பின்கோடி அறையில் அவர் பிளக்கோடு தயாராக நின்றார். மாட்டியதும் கீச்சுச் சத்தம் நின்றது. மானிட்டரைப் போட்டேன். எண்பத்தாறு. அப்பாடா என்று மூச்சு விட்டபோது லைட் மங்கியது, யுபிஎஸ் மறுபடி கத்தியது.

"கம்ப்ரஸர் இழுக்குறப்ப இப்படித்தான் அமுங்கும்" என்றவர், சட்டென்று போய் கம்ப்ரஸரையே நிறுத்திவிட்டார். ஐஸ் உறைய வைக்கிற மிஷின் அது. உள்ளே பாதி உறைந்த கட்டிகள் தொட்டி நிறைய இருந்தன.

"அண்ணே, ஐஸ் போயிருமே" என்றேன்.

"போனா மறுபடி கட்டிக்கலாம். நீங்க அதைப் பாருங்க" என்றார்.

அந்த அறையில் ஏழெட்டுப் பேர் நின்றோம். தொண்ணூறு. தொண்ணூற்று மூன்றில் அப்படியே நின்றது. எத்தனை நேரம் நின்றது என்று தெரியாது. அவள் திரையைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு எந்தச் சாமியைக் கும்பிடுவது என்றுகூடத் தெரியவில்லை. பிறகு எண் நகர்ந்தது. கடைசியில், மாற்றம் முடிந்தது என்று ஒரு வரி வந்தது.

டிஸ்க்கைத் திறந்தேன். ஃபைல்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஊரே பத்திரமாக இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, "ஐஸ் கம்பெனி புகார்" என்று ஒரு ஃபைல். நானே வைத்த பெயர்.

அவர் என் தோளுக்குப் பின்னால்தான் நின்றார். படித்தார், படித்ததை நானும் பார்த்தேன். பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொள்ளக் கூடாதா என்று இருந்தது.

"ஏழாம் நம்பரத் தொறங்க" என்றார். அவ்வளவுதான்.

ஏழாவது வரியில் இருந்த எண்களை நான் படிக்க, அவர் ஐஸ் பில்லின் பின்பக்கத்தில் எழுதி, கரையில் நின்றவர்களுக்குப் போனில் இரண்டு முறை திருப்பித் திருப்பிச் சொன்னார். காவல் நிலையத்துக்கும் சொன்னார். படகுகள் கிளம்பின.

அதற்குப் பிறகு நாலரை மணி நேரம். அவள் ஐஸ் கம்பெனி வாசலில் உட்கார்ந்திருந்தாள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். யாரோ டீ வாங்கி வந்தார்கள், இரண்டு பேருமே குடிக்கவில்லை. மூன்றரை மணிக்கு ஐஸ் கம்பெனிக்காரரின் போன் அடித்தது. ஏழாம் நம்பரிலிருந்து காற்றுப் போன திசையிலேயே போய்ப் பார்த்திருக்கிறார்கள். எல்லைக்கு இப்பால், நங்கூரக் கயிறு அறுந்து மிதந்துகொண்டிருந்தது படகு. இன்ஜின் பழுதாகி, குடிதண்ணீர் தீர்ந்து, தம்பி மயங்கிக் கிடந்திருக்கிறார். இரண்டு பேருக்கும் உயிர் இருந்தது. அதைக் கேட்டதும் அவள் என் மடியில் முகத்தைப் புதைத்து அழுதாள். நானும் அழுதேன், எனக்கு அழ உரிமை இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டே அழுதேன்.

ஒரு வாரம் கழித்து அவள் கணவர் கடைக்கு வந்தார். கும்பிட்டுவிட்டு, "ஏழாம் நம்பர ஊருக்கே சொல்லிட்டீங்களேக்கா, இப்ப அங்க படகு நிறுத்த எடமில்ல" என்று சிரித்தார். மீதி இருபத்திரண்டையும் இன்னும் என்னிடம்தான் விட்டுவைத்திருக்கிறார். அந்த நம்பிக்கைக்கு நான் தகுதியானவளா என்று கேட்டுக்கொள்ளாத நாள் இல்லை.

இப்போது என்னிடம் அந்த டிஸ்க்குக்கு இரண்டு காப்பிகள் இருக்கின்றன. ஒன்று என் வீட்டில், இன்னொன்று ஐஸ் கம்பெனிக்காரரின் மேஜை டிராயரில். மாதாமாதம் நான் போய் மாற்றிவைப்பேன், அவர் டீ சொல்லுவார். ஜெனரேட்டரைப் பழைய இடத்துக்கே கொண்டுவாருங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "அங்கிட்டே கெடக்கட்டும்மா, ஒங்களுக்குப் புகை ஆகாது" என்றார்.

அந்தப் புகார் மனு இன்னும் டிஸ்க்கில் இருக்கிறது. அழிக்க ஒரு நொடி போதும், ஆனால் அழிக்கவில்லை. ஒவ்வொரு மாதமும் மற்ற ஃபைல்களோடு அதுவும் சேர்ந்து அவருடைய டிராயருக்குப் போகிறது. யாரையாவது பற்றி ஆத்திரமாக ஏதேனும் எழுத உட்காரும்போதெல்லாம், அவர் வாசலில் நான் வீணாக நின்ற அந்த ஒரு நிமிடத்தை அது எனக்கு ஞாபகப்படுத்துகிறது.