எட்டு மூன்றுகளும் ஓர் ஒன்றும்

கல்லூரியில் நடந்த கணிதக் கருத்தரங்கில், கரும்பலகையில் நான் எழுதிய ஓர் எண் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது: 333333331. எட்டு மூன்றுகள், கடைசியில் ஓர் ஒன்று. அது ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் பகா எண் என்று அத்தனை பேர் முன்னால் அடித்துச் சொன்னேன்.

31, 331, 3331 என்று முன்னால் ஒவ்வொரு மூன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால் எல்லாமே பகா எண்களாக வருவதை, குன்றாண்டார்கோவிலிலிருந்து புதுக்கோட்டை போகும் பஸ்ஸில்தான் கவனித்தேன். பக்கத்தில் என் தோழி. தினமும் ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போட்டு எனக்கும் சேர்த்து இடம் பிடிப்பவள். ஏழு மூன்றுகள் வரை கால்குலேட்டரில் நானே வகுத்து வகுத்து விரல் ஓய்ந்துபோனேன். எட்டைப் பார்த்ததும் மலைப்பாக இருந்தது. “அதை எங்கிட்ட விடுடி. அண்ணன் கடையில கம்ப்யூட்டர் சும்மாத்தானே கெடக்கு” என்றாள். இரண்டொரு நாளில் அவளே வந்து சொன்னாள்: “ஓட்டிப் பாத்துட்டேன். எதுலயும் வகுபடல. தைரியமாப் பேசு.”

அந்தக் கருத்தரங்கில் நன்றாகப் பேசும் ஒருவருக்குக் கல்லூரிச் செலவில் சென்னையில் மேற்படிப்பு, விடுதிச் செலவு உட்பட. அப்படி அனுப்பினால்தான் உண்டு, இல்லாவிட்டால் படிப்பு இத்தோடு சரி என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். நான் பேசி முடித்ததும் கைதட்டினார்கள். அடுத்தது அவள் முறை. பின்னங்களைப் பற்றிப் பேசப்போவதாகத்தான் என்னிடம் சொல்லியிருந்தாள். மேடையேறியவள் என் எண்ணை அழிக்கவில்லை. அதன் கீழே 17 × 19607843 என்று நிதானமாக எழுதினாள். ஏழு முறை சரியாக வந்தது எட்டாவது முறையும் வரும் என்று நம்பக்கூடாது என விளக்கினாள். “என்னம்மா, பதினேழைக்கூடப் பாக்கலையா?” என்று துறைத்தலைவர் என்னைக் கேட்டார். அரங்கமே சிரித்தது. அவள் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டிருந்தாள், என் பக்கம் திரும்பவே இல்லை.

அந்த எண் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அது யாரிடமும் எதையும் மறைக்கவில்லை. மறைத்தவள் சென்னைக்குப் போனாள்.

போன மாதம் திருக்கோகர்ணம் பஸ் ஸ்டாப்பில் அவளைப் பார்த்தேன். கோயிலுக்கு வந்தாளாம். இப்போது சென்னையில் பேராசிரியர். ஏன் அப்படிச் செய்தாய் என்று நேராகவே கேட்டுவிட்டேன். சிரித்தாள். “இன்னுமா அதையே நெனச்சுக்கிட்டு இருக்க? பதினேழுதானடி, நீயே ஒரு தடவ வகுத்துப் பாத்திருக்கலாம்ல?”

நீ பார்த்துவிட்டேன் என்றாயே என்று சொல்வதற்குள் டவுன் பஸ் வந்துவிட்டது. முந்திக்கொண்டு ஏறியவள், ஜன்னலோர சீட்டில் கைக்குட்டையை விரித்துவிட்டு, “இங்கிட்டு வா, ஒனக்கும் எடம் போட்டுட்டேன்” என்று கூப்பிட்டாள்.

நான் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே 333333331ஐப் பதினேழால் மனத்துக்குள் வகுக்கத் தொடங்கினேன். இத்தனை வருஷத்தில் நான் அதை வகுத்துப் பார்த்ததே இல்லை.