ஒரு வரியைத் திருத்த நான்கு மாதம்

ரதி எங்கே வேலை செய்கிறாள் என்று ஸ்காபரோவில் யாராவது கேட்டால், "ஒரு கோல் சென்ரர்தான் அன்ரி" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுவாள். அது முழுப் பொய்யும் அல்ல. ஷெப்பர்ட் பஸ்ஸில் போய் இறங்கினால், நெடுஞ்சாலையை ஒட்டிய கட்டடமொன்றின் நாலாம் மாடியில், இறைச்சிக்காக மாடு வளர்க்கும் பண்ணையாளர்களுக்கென ஒரு சங்கம் இருந்தது. அதன் உதவித் தொலைபேசியை எடுக்கும் மூன்று பேரில் அவளும் ஒருத்தி. ஒருமுறை கோயிலில் இதைச் சொல்லப்போய், கூட இருந்து காய் வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்ததிலிருந்து, அவள் விளக்கம் கொடுப்பதை விட்டுவிட்டாள்.

மாடு அவளுக்குப் புதிதல்ல. மட்டக்களப்பில் ஏழு வருடம் கால்நடை உத்தியோகத்தராக இருந்தவள். கனடாவுக்கு வந்தபோது அந்தச் சான்றிதழை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. ஐந்து வருடம் பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிய பிறகு இந்த வேலை கிடைத்தது. நேர்முகத்தில், முதல் தடவை கன்று ஈனும் மாட்டை ஏன் தனியாகப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள். அவள் சொன்ன பதிலை எழுதி எடுத்துக்கொண்டார்கள். ஆனால் வேலையில் சேர்ந்த முதல் நாளே, பண்ணையாளர்களுக்கு ஆலோசனை எதுவும் சொல்லக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். திரையில் வரும் பக்கத்தை வாசிக்கலாம், அதை மின்னஞ்சலில் அனுப்பலாம், மிருக வைத்தியரைக் கேளுங்கள் என்று சொல்லலாம். அவ்வளவுதான்.

குளிரில் தண்ணீர்த் தொட்டி உறைந்தால் என்ன செய்வது, வைக்கோலை எங்கே பரிசோதிக்கலாம், கன்றுகளின் பிறப்பை எந்தத் தாளில் பதிவது, காதில் எந்த அடையாள வில்லை போடுவது என்று அழைப்புகள் வரும். முன்பெல்லாம் ஒவ்வொன்றுக்கும் நாலைந்து பக்கத்தில் நல்ல விளக்கத் தாள் இருந்தது. போன இலையுதிர்காலத்தில் இணையத்தளத்தைப் புதிதாக்கினார்கள். பண்ணையாளர்களுக்கு வாசிக்க நேரமில்லை, எல்லாம் சுருக்கமாக இருக்கவேண்டும் என்று யாரோ முடிவெடுத்து, நாலு பக்கத்தைப் பதினொரு வரியாக்கினார்கள்.

மாசி மாதம் இரண்டாம் கிழமை, லின்சே ஊர்ப் பக்கமிருந்து லொறெய்ன் என்ற பெண் அழைத்தார். முப்பத்திநாலு மாடுகள். கணவர் பகலில் லொறி ஓட்டுகிறார், பண்ணையை லொறெய்ன்தான் பார்க்கிறார். மூன்றாவது கன்றும் அன்று காலை செத்துவிட்டது என்றார். மூன்றும் பிறந்த ஒரு கிழமைக்குள் வயிற்றோட்டம் வந்து செத்தவை. குரலில் அழுகை இல்லை. தன் மாட்டுக் கொட்டகையில் என்ன பிழை என்று கண்டுபிடித்தாக வேண்டும் என்ற பிடிவாதம்தான் இருந்தது.

கன்றுகளுக்குச் சீம்பால், அதாவது தாயின் முதல் பால், எப்போது கிடைத்தது என்று ரதி கேட்டாள். இரவில் பிறந்து எழும்பிக் குடிக்காத கன்றுகளுக்கு விடிந்த பிறகு சீம்பால் மாவைப் போத்தலில் கரைத்துக் கொடுத்ததாக லொறெய்ன் சொன்னார். இருபத்திநாலு மணித்தியாலத்துக்குள் கொடுத்தால் போதும் என்று உங்கள் இணையப் பக்கத்தில்தானே வாசித்தேன் என்றார்.

ரதி அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். ஆறாவது வரியில் அப்படியே இருந்தது.

பழைய தாளில் இருந்தது வேறு. முதல் இரண்டு மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும், பிந்தினாலும் ஆறைத் தாண்டக்கூடாது. நேரம் போகப்போக நோய் எதிர்ப்புச் சக்தியை உறிஞ்சும் திறன் கன்றின் குடலில் குறைந்துகொண்டே போகும். இருபத்திநாலு மணித்தியாலம் ஆனால் கொடுத்தும் பயனில்லை. சுருக்கியவர் கடைசி எண்ணை மட்டும் எடுத்து வைத்திருந்தார்.

ஆலோசனை சொல்லக்கூடாது என்று தெரிந்தும் ரதி சரியானதைச் சொன்னாள்: இரண்டு மணித்தியாலம், மிஞ்சினால் ஆறு. அப்படியென்றால் ஏன் மற்றதை எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று லொறெய்ன் கேட்டார். தொலைபேசியை வைத்ததும் ரதி நேரே மேலாளரிடம் போய்ப் பிழையைக் காட்டினாள்.

மேலாளர் ஸ்டெபனி கெட்ட மனுசி அல்ல. நல்ல காரியம் செய்தாய் என்று சொல்லி, திருத்தம் கோரும் படிவத்தை அனுப்பி வைத்தாள். ரதி அன்றே அதை நிரப்பினாள். பத்து நாள் கழித்து, இதற்கு ஆதாரம் என்ன என்று கேட்டுப் பதில் வந்தது. பழைய தாளை இணைத்து அனுப்பினாள். அது விலக்கப்பட்ட ஆவணம், ஆதாரமாக ஏற்க முடியாது என்றார்கள். இரண்டு இரவு இருந்து ஆய்வுக் கட்டுரைகள் தேடி அனுப்பினாள். நன்றி, இது மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும் வல்லுநர் குழுவுக்குப் போகவேண்டும் என்று பதில் வந்தது. குழு தையில் கூடி முடிந்துவிட்டது. அடுத்தது சித்திரையில்.

மாடுகள் குழுவுக்காகக் காத்திருக்கவில்லை. மாசியிலும் பங்குனியிலும்தான் ஒன்ராறியோவில் பெரும்பாலான கன்றுகள் பிறக்கும். ரதி தனக்கு வந்த ஒவ்வொரு அழைப்பிலும் பழைய தாளை வைத்து வாசித்தாள். அப்படி வாசிக்கத் தொடங்கி மூன்றாம் கிழமை, அழைப்புகளின் ஒலிப்பதிவைக் கேட்டுத் தரம் பார்ப்பவர்கள் அதைப் பிடித்துவிட்டார்கள். ஸ்டெபனி அவளை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். அங்கீகரிக்கப்படாத ஆலோசனை என்று எழுதிய எச்சரிக்கைக் கடிதம் மேசையில் இருந்தது.

சரி, இனி நான் ஆலோசனை எதுவும் சொல்லவில்லை, பக்கத்தில் இருப்பது பிழை என்று மட்டுமாவது சொல்லலாமா என்று ரதி கேட்டாள். அதையும் சொல்ல முடியாது, சொன்னால் சங்கமே பிழையை ஒத்துக்கொண்டதாகிவிடும், சட்டத்தரணி சம்மதிக்கமாட்டார் என்றாள் ஸ்டெபனி. சொல்லும்போது அவள் ரதியின் முகத்தைப் பார்க்கவில்லை. ரதி கையெழுத்துப் போட்டாள்.

அன்று வீட்டில் அவள் சோற்றுப் பானையை அடுப்பில் வைத்த வேகத்தைப் பார்த்து, கணவன் ஜெயந்தன் என்ன நடந்தது என்று கேட்டான். எல்லாவற்றையும் கொட்டினாள்.

"விடன் ரதி," என்றான் அவன். "நீ சொல்லிப் பாத்தாய், அவங்கள் கேக்கேல்லை. உன்ர மாடே?"

"போன் எடுக்கிறது நான்தானே. செத்துப்போச்சு எண்டு எனக்குத்தானே சொல்லுதுகள்."



மறுநாளிலிருந்து அவள் வேறு வழி பார்த்தாள். மிருக வைத்தியரைக் கேளுங்கள் என்று சொல்வதற்கு அனுமதி இருந்தது அல்லவா. கன்று என்ற சொல் வந்த உடனேயே, இன்றைக்கே உங்கள் வைத்தியருக்கு அழைத்து, சீம்பால் எத்தனை மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும் என்ற அந்த ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள் என்று சொல்லத் தொடங்கினாள். ஏன் என்று கேட்டவர்களிடம், தயவுசெய்து கேளுங்கள் என்று மறுபடியும் சொன்னாள். சிலர் கேட்டார்கள். ஒருவர், உங்கள் இணையப் பக்கத்தில்தான் போட்டிருக்கிறதே, அதற்கு ஏன் வைத்தியருக்குக் காசு கொடுக்க வேண்டும் என்று சிரித்துவிட்டு வைத்தார். அன்று முழுக்க அந்தச் சிரிப்பு அவள் காதில் இருந்தது.

சித்திரையில் குழு கூடி, ஐந்து நிமிடத்தில் திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. இனி முடிந்தது என்று ரதி நினைத்தாள். ஆனால் ஆங்கிலப் பக்கமும் பிரெஞ்சுப் பக்கமும் ஒரே நாளில் மாறவேண்டும் என்றார்கள். பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளர் விடுமுறையில் இருந்தார். அவர் திரும்பி வந்து, ஒரு எண்ணை மாற்ற மூன்று கிழமை எடுத்தார். பிறகு விடயம் இணையத்தளத்தைப் பராமரிக்கும் வெளிக் கொம்பனிக்குப் போனது.

அங்கே வேலை செய்பவன் வினோதன் என்று பெயரைக் கண்டதும் ரதிக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. நேரே தொலைபேசியில் பிடித்து, தமிழில் விடயத்தைச் சொன்னாள்.

"அக்கா, எனக்கு விளங்குது. ரெண்டு நிமிச வேலை," என்றான் அவன். "ஆனா உங்கட ஒபிசால வேலைக்குரிய டிக்கெட் வராமல் நான் தொடேலாது. தொட்டால் என்ர வேலை போகும்."

"டிக்கெட் அனுப்பியாச்சு எண்டுதானே சொல்லுகினம்."

"அனுப்பியிருக்கினம், எழுத்துப் பிழை எண்டு போட்டு. எழுத்துப் பிழையெல்லாம் வரிசையில கடைசி. எனக்கு முன்னால நூற்றிச்சொச்சம் கிடக்குது."

அவசரம் என்று மாற்றிப் போடச்சொல்லி ஸ்டெபனியிடம் போனாள். அவசரம் என்று போடுவதற்கு இயக்குநர் கையெழுத்து வேண்டும். இயக்குநர் அல்பேர்ட்டாவில் ஒரு மாநாட்டில் இருந்தார்.

ஆனி மாதம் பதினோராம் திகதி அந்த வரி மாறியது. அவளுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது: உங்கள் கோரிக்கை நிறைவேற்றப்பட்டது, எங்கள் சேவைக்கு ஒன்று முதல் ஐந்து வரை எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்? அவள் அதை மூடிவிட்டாள்.

ஒருமுறை அழைத்தவர்களை மறுபடி அழைத்து நலம் விசாரிக்கலாம் என்று விதி இருந்தது. லொறெய்னுக்கு அழைத்தாள். அவர் நன்றாகவே பேசினார். ரதி சொன்ன நாளிலிருந்து இரவில் மணிக்கூட்டில் அலாரம் வைத்து எழும்பிப் பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகு ஒரு கன்றும் சாகவில்லை. ஆனால் பக்கத்துப் பண்ணைக்காரர் ஐந்து கன்றுகளை இழந்துவிட்டார் என்றார். எழுபது வயது மனிதர், தனியாள். சங்கத்தின் பக்கத்தை அச்சடித்துக் கொட்டகைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தவர். யார் சொன்னாலும் அந்தத் தாளைத்தான் காட்டுவாராம். நீங்கள் சங்கத்து ஆள், நீங்கள் சொன்னால் கேட்பார் என்று இலக்கத்தைக் கொடுத்தார்.

சங்கத்துக்கு அழைக்காத ஒருவரைச் சங்கத்துத் தொலைபேசியில் அழைக்க முடியாது. மதிய இடைவேளையில் ரதி கார்கள் நிற்கும் இடத்துக்கு இறங்கிப்போய், தன் கைத்தொலைபேசியில் அழைத்தாள். நெடுஞ்சாலை இரைச்சலில் இரண்டு தடவை தன் பெயரைச் சொல்லவேண்டி இருந்தது. அந்தப் பக்கத்தில் பிழை இருந்தது, இப்போது திருத்தியாகிவிட்டது, சுவரில் உள்ள தாளைத் தயவுசெய்து கிழித்துவிடுங்கள் என்றாள். ஐந்து கன்றுகளுக்கும் மன்னியுங்கள் என்றும் சொன்னாள். அதைச் சொல்ல யாரும் அவளுக்கு அனுமதி கொடுக்கவில்லை.

கிழவர் பொறுமையாகக் கேட்டார். கோபப்படவும் இல்லை. எப்போது கண்டுபிடித்தீர்கள் என்று மட்டும் கேட்டார்.

மாசியில் என்றாள் ரதி.

வைகாசி முடிவிலேயே மாடுகளை எல்லாம் விற்றுவிட்டேன், இரண்டு வருடமாகக் கன்று தங்குவதில்லை, எனக்கு வயதாகிக் கை பிழைக்கிறது என்றுதான் நினைத்தேன் என்றார் அவர். அழைத்ததற்கு நன்றி சொல்லிவிட்டு வைத்தார்.

போன வருடம் செத்த கன்றுகளுக்குக் காரணம் அந்த வரி அல்ல என்று ரதிக்குத் தெரியும். அவை செத்த பிறகு, போன இலையுதிர்காலத்தில்தானே பக்கம் மாறியது. அதைச் சொல்லியிருக்கலாமா, சொன்னால் அவருக்கு ஆறுதலாக இருக்குமா அல்லது இன்னும் குழப்புமா என்று தெரியாமல் நின்றாள். இடைவேளையில் ஏழு நிமிடம் மிச்சம் இருந்தது. மறுபடி அழைத்தாள். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. நேரம் முடிய, மேலே போனாள்.