வாயில் விரல் வைத்த சாமி

உள்ளங்கையில் அடங்கிவிடும் பொம்மை அது. நீலப் பளபளப்பு, மொட்டைத் தலையில் ஒரு பக்கம் மட்டும் சடை, உடம்பில் துணியில்லை, ஆள்காட்டி விரல் வாயில். எகிப்தியர்களின் குழந்தைத் தெய்வம், ஹோரஸ். பாம்பும் தேளும் நோயும் அண்டக்கூடாது என்று அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்குக் கட்டிய தாயத்து. பர் துபாயில் நான் வேலை பார்த்த பரிசுப்பொருள் கடைக்கு இதன் நகல்கள் கார்ட்டன் கார்ட்டனாக வந்து இறங்கும். உப்புத்தாளால் தேய்த்து, தேயிலைத் தண்ணீரில் ஊறப்போட்டு, மண்ணில் புரட்டிக் கொடுப்பது எங்கள் வேலை. கல்லறையில் கிடைத்த அசல் என்று சொல்லி விற்பது மேனேஜர் வேலை.

அவரை நான் வெறுத்தேன், இப்போதும் வெறுக்கிறேன். தஞ்சாவூர்ப் பக்கம். நாங்களும் அந்தப் பக்கம்தான் என்பதாலேயே எங்களைக் கூடுதலாக மிதித்தார். ஊரில் மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது, லீவு வேண்டும் என்று போய் நின்றபோது, மேஜையிலிருந்து ஒரு பொம்மையை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"இந்தச் சாமி என்னடா சொல்லுது? வாயப் பொத்துங்குது. போயி டூட்டியப் பாரு."

குழந்தை பிறந்ததையும் இறந்ததையும் போனில்தான் கேட்டேன். அந்த விரலுக்கு வாயை மூடு என்ற அர்த்தமே கிடையாது, விரல் சூப்பும் வயது என்று காட்டத்தான் அப்படிச் செய்தார்கள் என்று பிற்பாடு எங்கோ படித்தேன். படித்த அன்று சாப்பிட முடியவில்லை.

சில மாதம் கழித்து ஒரு தமிழ்ப் பெண் கடைக்கு வந்தாள். இடுப்பில் காய்ச்சலில் துவண்ட பையன். "கட்டிப் பாருங்கம்மா, ஆஸ்பத்திரி மருந்தெல்லாம் இதுக்கு முன்னால நிக்காது," என்றார் மேனேஜர். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நெசமாவே பழசாண்ணே?"

"இல்லம்மா. போன வாரம் கார்ட்டன்ல வந்தது. டீத்தண்ணில நாங்கதான் ஊறவெச்சோம். மொதல்ல புள்ளைய டாக்டர்கிட்ட காட்டுங்க."

அவள் பொம்மையை வைத்துவிட்டு வேகமாக வெளியேறினாள். மேனேஜர் கத்தவில்லை. "கலாஸ்," என்றார்; அரபியில் 'முடிந்தது' என்று அர்த்தம். அந்த வாரமே விசாவை ரத்து செய்து என்னை ஊருக்கு ஏற்றிவிட்டார். வேறு கம்பெனியில் வேலை பிடித்துத் திரும்பி வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

போன ரமலானுக்குக் கொஞ்சம் முன்னால் மெட்ரோவில் அவரைப் பார்த்தேன். கடை போய்விட்டதாம். சர்க்கரை வியாதியில் ஆள் பாதியாகியிருந்தார். அவரே அடையாளம் கண்டு கையை நீட்டினார்.

"இன்னும் எம்மேல கோவமாப்பா?"

"ஆமா சார்," என்றேன்.

நீட்டிய கையை அவர் மெல்ல மடியில் வைத்துக்கொண்டார். நான் இறங்க வேண்டிய ஸ்டேஷன் வர இன்னும் நேரமிருந்தது. அதுவரை அவர் எதிரிலேயே, முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், நின்றுகொண்டிருந்தேன்.