ஐந்தாம் அத்தியாயம் இல்லாத விதிப் புத்தகம்

தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் குல்ஷனுக்கு ஒரு டைப்பிங் சென்டர் இருந்தது. சென்டர் என்றால் ஒரே அறைதான். தமிழுக்கு ஒரு மெஷின், இங்கிலீஷுக்கு ஒன்று, பிரதி எடுக்கக் கையால் சுற்றுகிற சைக்ளோஸ்டைல் ஒன்று. முப்பத்து நாலு வயது. கல்யாணம் கூடி வரவில்லை, அவளும் அதற்காக உட்கார்ந்து அழவில்லை. அண்ணன் கரீம் வீட்டோடு இருந்தாள். வக்கீல் நோட்டீசு முதல் மாட்டுச் சந்தை அறிவிப்பு வரை எல்லாம் அடித்துக் கொடுப்பாள். ஆனால் வாழ்நாளில் அவள் அதிகம் அடித்தது ஒரு விளையாட்டின் விதிகளை. அந்த விளையாட்டை அவள் ஒருநாளும் ஆடியதில்லை.

எண்பத்தொன்றில் அது ஆரம்பித்தது. கரீமின் கூட்டாளி, வாட்ச் ரிப்பேர் கடை அப்துல் சுபானின் மச்சான் கப்பலில் வேலை பார்த்தவர். எங்கோ ஒரு துறைமுகத்தில் வாங்கி வந்த ஒல்லிப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தார். பலகை இல்லை, காய் இல்லை. ஒருவர் கதை சொல்ல வேண்டும், மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, நான் இதைச் செய்கிறேன் என்று சொல்ல வேண்டும். செய்தது பலித்ததா இல்லையா என்று தாயக்கட்டை சொல்லும். சுபானுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. அதைத் தமிழாக்கி, கதையைத் தொப்பூர் கணவாய்க்கும் ஒகேனக்கலுக்கும் இழுத்து வந்து, வணிகர்களும் வழிப்பறிக்காரர்களுமாக ஐந்து தாளில் எழுதினார். குல்ஷன் ஒரே மத்தியானத்தில் அடித்து முடித்தாள்.

கதை சொன்னது சுபான், ஆடியவர்கள் கரீமும் சவுரியப்பனும். சவுரியப்பன் மொரப்பூர் பக்கத்து ஆள், வரைபடம் போடுகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடித்துக்கொண்டு நேராக கரீம் வீட்டுக்கு வந்துவிடுவார்.

மறு வருஷம் வந்தது வினை. சவுரியப்பனின் வணிகன் கோவேறு கழுதையைப் பரிசலில் ஏற்றிக் காவிரியைக் கடக்கப் பார்த்தான். கழுதை பரிசலில் ஏறாது என்றார் கரீம். ஏறும் என்றார் சவுரியப்பன். ஐந்து தாளில் கழுதையைப் பற்றி ஒரு வரி இல்லை. இல்லாத கழுதைக்காக இரண்டு வளர்ந்த ஆட்கள் ஆறு மாதம் பேசிக்கொள்ளவில்லை. கரீம் மகளின் காது குத்துக்குக்கூட சவுரியப்பன் வரவில்லை. அவருக்கென்று எடுத்து வைத்த பிரியாணி ஆறிப்போனதைப் பார்த்து கரீம் கண் கலங்கியதைக் குல்ஷன் பார்த்தாள்.

நடுவில் நின்று இருவரையும் சேர்த்து வைத்தவர் சுபான்தான். சேர்த்ததோடு விட்டாரா? பரிசல் எவ்வளவு பாரம் தாங்கும் என்று ஒரு தாள் எழுதினார். அடுத்து மழையில் நனைந்த வெடிமருந்து வெடிக்குமா என்று ஒரு தாள். எண்பத்து மூன்றில் பதினேழு தாள், எண்பத்தைந்தில் அறுபத்திரண்டு. மச்சான் ஊருக்கு வரும்போதெல்லாம் இன்னும் தடிமனான புத்தகமாகக் கொண்டு வந்தார். ஒல்லிப் புத்தகம் கெட்டி அட்டையாகி, ஒன்று மூன்றாகிவிட்டது. வெளிநாட்டுக்காரனுக்கே இத்தனை பக்கம் வேண்டியிருக்கிறது, நமக்கு ஐந்து தாள் எம்மாத்திரம் என்பது சுபானின் கணக்கு. வருஷா வருஷம் விதி சேர்வதால் ஒவ்வொரு அத்தியாயமும் ஒன்றிலிருந்து பக்கம் தொடங்க வேண்டும் என்றார். அப்போதுதான் முழுவதையும் திருப்பி அடிக்க வேண்டியதில்லையாம்.

எண்பத்தேழில் நூற்று எழுபது தாள். அதில் ஐந்தாம் அத்தியாயம் மட்டும் முப்பத்திரண்டு, தலைப்பு 'தகராறு தீர்க்கும் முறை'. மூன்று பிரதி எடுத்து, தைத்து, சனிக்கிழமை ஆளுக்கொன்று கொடுத்துவிட்டாள். ஞாயிறு காலை சென்டரைக் கூட்டும்போது பழைய செய்தித்தாள் கட்டைத் தூக்கினாள். ஐந்தாம் அத்தியாயத்தை அடித்த ஸ்டென்சில் தாள்கள் முப்பத்திரண்டும், மை படாமல், அதற்குள் இருந்தன. வியாழக்கிழமை ஒரு வக்கீல் குமாஸ்தா அவசரம் என்று வந்து நின்றபோது, மேஜையை ஒழிக்க இந்த ஸ்டென்சில் கட்டைச் செய்தித்தாளுக்குள் செருகியிருக்கிறாள். ஓட்டி முடித்த ஸ்டென்சிலைத்தான் அவள் வழக்கமாக அதில் வைப்பது. ஓட்டியாயிற்று என்றே நினைத்துவிட்டாள். ஒவ்வொரு அத்தியாயமும் ஒன்றிலிருந்து தொடங்கியதால் பக்க எண்ணும் காட்டிக் கொடுக்கவில்லை.

விட்டுப்போனது வேறு எந்த அத்தியாயமாக இருந்தாலும் பரவாயில்லையே என்று இருந்தது. ஸ்டென்சில் கட்டை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். அதற்குள் ஆட்டம் தொடங்கியிருந்தது. டீ கொடுக்கிற சாக்கில் கதவோரம் நின்றுகொண்டாள். சண்டை மட்டும் வரக்கூடாது என்று துவா கேட்டாள்.

வந்தது. சவுரியப்பனின் வணிகன் மறுபடியும் ஒகேனக்கல் கரையில் நின்றான். இந்தத் தடவை ஒரு எருமை. கரீம் நிமிர்ந்து உட்கார்ந்தார். சுபான் சட்டென்று புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். நாலாம் அத்தியாயம் முடிந்தது, அடுத்த தாளில் ஆறு. திருப்பினார். மறுபடி திருப்பினார். சவுரியப்பன் தன் பிரதியைப் பார்த்தார், கரீம் தன்னுடையதைப் பார்த்தார். மூன்றிலும் இல்லை. குல்ஷனுக்கு அந்த ஆறிப்போன பிரியாணிதான் கண்ணுக்குள் வந்தது.

"ஏத்திட்டுப் போங்க சவுரி," என்றார் கரீம். "அன்னைக்கு ஒரு கழுதைக்காக ஆறு மாசம் உங்க மூஞ்சியப் பாக்காம இருந்தேன். இன்னொருக்கா என்னால ஆகாதுங்க."

சவுரியப்பன் கொஞ்ச நேரம் தாயக்கட்டையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தார். "எருமை ஏறாதுங்க பாய்," என்றார். "அது நீந்திப் போவும். நான் சும்மா உங்கள வம்புக்கு இழுத்தேன்." கரீம் சிரித்த சிரிப்பில் டீ சட்டையெல்லாம் கொட்டியது.

குல்ஷனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கட்டைக் கொண்டுபோய் சுபான் முன்னால் வைத்து, நடந்ததைச் சொன்னாள். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் முதல் ஸ்டென்சிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது உன் வூட்லயே கெடக்கட்டும்மா," என்றார். "எங்க இவங்க ரெண்டு பேரும் மறுபடி பேசாம போயிருவாங்களோன்னு பயந்து பயந்துதான் இத்தன வருஷமா எழுதிட்டிருந்தேன். இனிமே ராத்திரிக்கு நிம்மதியாத் தூங்குவேன்."

அதன்பிறகு ஆட்டம் பறந்தது. புத்தகத்தை யாரும் தொடவில்லை. பரிசல் கவிழ்ந்தது, எருமை பிழைத்தது, கணவாயில் கரீமே சவுரியப்பனைக் கொள்ளையடித்தார். சாயங்காலம் ஐந்து மணிக்கு மொரப்பூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சவுரியப்பன் எழுந்தார். நானும் வருகிறேன் என்று கரீம் கூடவே போனார். தெருக்கோடி வரை எருமைப் பேச்சுதான் கேட்டது. சுபானும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

டம்ளர்களை எடுக்க வந்த குல்ஷன், அவர்கள் உட்கார்ந்திருந்த கோரைப்பாயைப் பார்த்தாள். ராத்திரி பகலாக அவள் அடித்த விதிப் புத்தகங்கள் மூன்றும் அங்கேயே கிடந்தன. யாரும் எடுத்துப் போகவில்லை. அவளுக்குக் கொஞ்சமும் கோபம் வரவில்லை.