தூசு படாத பக்கம்

காலுக்கடியில் மிதி முழுதாக அமுங்கிவிட்டது. கார் மட்டும் நகரவில்லை. புக்கிட் காத்தில் என்ற எங்கள் ஊரில், வீட்டிலிருந்து பெரிய சாலைக்கு ஏறும் சந்திப்பு அது. வலப்பக்கம் தூரத்தில் மணல் லோரி வருவதைப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன். தாராளமாகக் கடந்திருக்கலாம். பாதிச் சாலையில் எஞ்சின் ஒருமுறை இருமியது, பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டது. நான் அழுத்த அழுத்த அது இன்னும் செத்தது. பின்னிருக்கையில் என் மகள் பாலர் பள்ளியில் சொல்லிக் கொடுத்த பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள். லோரியின் ஹாரன் அலறியபோதும் அவள் பாட்டை நிறுத்தவில்லை. லோரிக்காரர் எப்படியோ ஒடித்துத் திருப்பிப் புல்லில் இறக்கி நிறுத்தினார். டயர் கருகிய வாடை காருக்குள் வந்தது. இறங்கி வந்தவர் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். பின்னால் குழந்தையைக் கண்டதும் தலையில் கை வைத்துக்கொண்டு புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் காரைப் பராமரித்தவர் அப்பா. ஜாசின் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை ஏற்றும் லோரியை ஓட்டி ஓய்ந்தவர். எனக்கு அவர் கொடுத்தது கார்புரேட்டர் வைத்த பழைய கார். கொடுத்தாரே தவிர, அதன் மூடியை வேறு யாரும் திறக்க விடமாட்டார். சாமி விஷயத்தில் மட்டும் அவருக்கு வாய் சும்மா இருக்காது. வண்டிப் பூசைக்கு அம்மா டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைக்கும்போதெல்லாம், "காரு பெட்ரோல்ல ஓடுதா, பழச்சாறுல ஓடுதா லா?" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சிரிப்பார். அம்மா சண்டைக்குப் போகமாட்டார். "பேசாம ஏறிப் போங்க" என்பார். அப்பாவும் பழத்தின் மேல் ஏற்றி நசுக்கிவிட்டுத்தான் போவார்.

அந்தச் சந்திப்பில் சிக்கியதற்குச் சில நாள் முன்பே கார் தகராறு செய்ய ஆரம்பித்திருந்தது. வாசலில் நிறுத்தி எஞ்சினை இரைய விட்டால் ஒரு குறையும் தெரியாது. சாலையில் வேகமெடுக்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் தயங்கும், இழுவை போய்விடும், பின்னால் கறுப்பாகப் புகை வரும். காலைத் தளர்த்தினால் ஒன்றுமே நடக்காதது போல மறுபடி ஓடும். அப்பா பிளக்கை மாற்றினார். பெட்ரோல் வடிகட்டியை மாற்றினார். பெட்ரோல் குழாயைக் கழற்றி ஊதி மாட்டினார். ஒன்றும் பலிக்கவில்லை. பத்து பெரண்டாம் என்ற ஊரில் என்னோடு வேலை செய்கிறவர் சொன்னதை வைத்துக்கொண்டு நான் கேட்டேன்: "ஏர் பில்டர் பாத்தீங்களாப்பா?"

"அதெல்லாம் பாத்தாச்சு. நீ மினியாக்க ஒரேடியா மிதிக்கிற, அதான். பூ மாதிரி வைக்கணும் கால."

மினியாக் என்று எங்கள் ஊரில் சொல்வது ஆக்சிலேட்டரைத்தான். பழியைத் தூக்கி என் காலில் போட்டதில் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனாலும் லோரியிலேயே ஆயுளைக் கழித்த மனிதர் சொல்கிறாரே என்று நம்பினேன். காலைப் பூ மாதிரி வைத்துக்கொண்டே மகளைத் தினமும் பள்ளிக்குக் கூட்டிப்போனேன்.

சந்திப்பில் தப்பிய அன்று நான் வீட்டுக்குத் திரும்பவில்லை. காரை மெல்ல உருட்டிக்கொண்டு வேலையிடத்துக்குப் பக்கத்திலிருந்த பட்டறைக்குப் போய்விட்டேன். அங்கேயும் மகளை இடுப்பை விட்டு இறக்க மனம் வரவில்லை. போனில் விஷயம் கேட்டதும் அப்பா மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தார். பேத்தியின் தலையைத் தடவினார். அதற்குள் பட்டறையில் கார் பழுது பார்க்கும் போர்மேன் பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிட்டார். புதுப் பிளக், மாற்றிய சில நாளிலேயே கரி அப்பியிருந்தது.

"பெட்ரோல் நல்லா வருதுக்கா. காத்துதான் இல்ல" என்று சொல்லிக்கொண்டே அவர் ஏர் பில்டர் மூடியில் கை வைத்தார்.

"அத விடுப்பா, அது புதுசு" என்று அப்பா குறுக்கே வந்து மூடியின் மேல் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டார். போர்மேன் என்னைப் பார்த்தார். நான் "திறங்க" என்றேன்.

பில்டரைத் தாண்டி, கார்புரேட்டருக்குக் காற்று போகும் வாயில், எலுமிச்சை அளவில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு கிடந்தது. அதைக் கட்டியிருந்த சிவப்புக் கயிறு சூட்டில் இற்றுப்போய் மூடியின் உட்புறத்தில் பாதி தொங்கியது. போர்மேன் கையைத் துணியில் துடைத்துவிட்டு, இரண்டு கையாலும் அதை எடுத்தார். முடிச்சிலிருந்து திருநீறு உதிர்ந்தது.

"ஐயா, இது சாமி பொருளாச்சே. மெதுவா ஓட்டினா சும்மா கெடந்திருக்கும். வேகமா மிதிச்சா காத்து இழுக்கிற இழுப்புல போயி வாயை அடைச்சிரும்."

அப்பா என்னைப் பார்க்காமல் காரைப் பார்த்துப் பேசினார்.

"பாப்பா இதுல போக ஆரம்பிச்சப்ப, தோட்டத்து முனீஸ்வரர் கோயில்ல மந்திரிச்சு வாங்கினேன். கண்ணாடியில தொங்கவிட்டா உங்கம்மா சிரிப்பா. பில்டருக்கு வெளிய கட்டினா தூசு படும், சாமிக்கு ஆகாது. அதான் உள்ள, தூசு படாத பக்கமா பாத்துக் கட்டினேன்."

இதுவரையிலும் நான் தாங்கிக்கொண்டிருப்பேன். தோட்டத்தில் வளர்ந்தவர், பேத்தி மேல் உயிர், ரகசியமாக ஒரு காப்பு. அழுதுவிட்டு மறந்திருப்பேன். ஆனால் வீட்டுக்கு வந்ததும் வாய் என்னை மீறிக் கேட்டுவிட்டது.

"நான் ஏர் பில்டர் பாத்தீங்களான்னு கேட்டப்ப, இது உள்ள இருக்குன்னு ஞாபகம் இருந்துச்சா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நானும் நம்பியிருப்பேன். அவர் பொய் சொல்லவில்லை.

"இருந்துச்சும்மா. அவுந்திருக்குமோன்னுகூட தோணுச்சு. நீங்க யாரும் இல்லாத நேரமா பாத்துத் தொறக்கலாம்னு இருந்தேன்."

ஒரு கேலிச் சிரிப்புக்குப் பயந்து, என் பிள்ளையை அத்தனை நாளும் அந்தக் காரில் போகவிட்டிருக்கிறார். பேத்திக்காக முனீஸ்வரரைக் கையெடுத்துக் கும்பிட்ட அதே மனிதர். அதற்குப் பிறகு அவர் பேத்தி முன்னால் உரக்கச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அப்பா இப்போது இல்லை. அம்மா அவர் படத்துக்கு விளக்கேற்றும்போதெல்லாம், "நல்ல மனுசன், சாமி நம்பிக்கைதான் துளியும் இல்லாமப் போச்சு" என்று குறைப்பட்டுக்கொள்வார். "இருந்தது அம்மா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பூரித்துப்போவார். சொல்ல வாயெடுப்பேன். எங்கே வைத்திருந்தார், எப்படித் தெரிந்தது என்று அடுத்த நிமிடமே கேட்பார். அதற்குப் பதில் சொல்ல எனக்கு இன்னும் துணிவில்லை.