ஜமால் கொண்டுவந்த டிஃபரன்ஷியல்

நாகர்கோவிலில் எங்கள் தெருமுனையில் புதிதாக ஒரு ஒர்க்‌ஷாப் வந்திருக்கிறது. போன வாரம் மருந்து வாங்கப் போனவள் அதன் வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டேன். பழைய கியர் ஆயில் வாடை. அவித்து மறந்துபோன முட்டையை ரெண்டு நாள் கழித்து உடைத்தால் வருமே, அதேதான். மற்றவர்களுக்கு அது குமட்டும். எனக்கு ஷார்ஜாவும் ஜமாலும் ஞாபகத்துக்கு வருவார்கள்.

தொண்ணூறுகளில் நான் ஷார்ஜாவின் ரோலா பகுதியில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். என் வீட்டுக்காரர் சேவியர் ஏ.சி. டெக்னீஷியன். ஊருக்கு வெளியே ஒரு பழைய அரபி வீட்டின் பின்பகுதியில் குடியிருந்தோம். முற்றத்தில் நின்ற எங்கள் ஸ்டேஷன் வேகனுக்கு ஒரு வியாதி இருந்தது. மணலில் இறங்கினால் பின்சக்கரம் ஒன்று வெறுமனே சுற்றும், மற்றது தேமே என்று நிற்கும். கடற்கரையில் யார் யாரோ தள்ளித்தான் ஒவ்வொரு முறையும் வீடு வந்து சேர்ந்தோம்.

ஜமால் சேவியரின் சிநேகிதர், ராமநாதபுரம் பக்கத்துக்காரர். பழைய உதிரிபாகக் கடையில் வேலை. ஒரு நாள் சாக்கில் சுற்றிய இரும்புக் குண்டு ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார்.

"லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், மச்சான். ஒரு சக்கரம் வழுக்குனா மத்த சக்கரத்துக்கும் இழுவை போவும். உங்க வண்டிக்கு அப்படியே பொருந்தும்."

"எவ்வளவு?" என்றேன்.

"தங்கச்சிக்கிட்ட காசு வாங்குவேனா?"

எனக்கு அங்கேதான் இடித்தது. துருப்பிடித்த போல்ட்டைக்கூடச் சும்மா கொடுக்காத மனிதர் இதை ஏன் கொடுக்கிறார்? நானோ, தெர்மாமீட்டர் காய்ச்சல் இல்லை என்று காட்டினால் உதறிவிட்டு இன்னொரு தடவை வைத்துப் பார்க்கிற ஜாதி. அடுப்படியில் வைத்து சேவியரிடம், "திருட்டுச் சாமானா இருக்கும்" என்றேன்.

"ஏளா, எதுக்கெடுத்தாலும் சந்தேகப்படாத. அவன் பிரண்டு."

வெள்ளிக்கிழமை காலையில் வேலை தொடங்கியது. வண்டியின் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, கட்டை கொடுத்து, என் சோற்றுச் சட்டியில் (கேட்காமல் எடுத்தார்கள்) பழைய ஆயிலை வடித்தார்கள். சக்கரங்களைக் கழற்றி, ஆக்ஸில்களை வெளியே இழுத்து, பழைய குண்டை உருவிவிட்டுப் புதியதைப் பொருத்தினார்கள். வாடை தாங்காமல் ஜன்னலைச் சாத்தினேன். ஆனாலும் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எல்லாம் மாட்டி முடித்ததும் ஜமால் அந்தரத்தில் நின்ற ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினார். முன்பெல்லாம் ஒன்று முன்னால் போனால் மற்றது பின்னால் போகும். இப்போது இரண்டும் ஒரே பக்கமாகச் சுற்றின. சேவியர் குழந்தைபோலச் சிரித்தார்.

ஜமால் சிரிக்கவில்லை. "அடுத்த வெள்ளி பன்னெண்டு மணிக்கு மணல்ல ஓட்டிப் பாப்போம். தங்கச்சியும் வரட்டும். பொம்பளையாளு இருந்தா போலீஸ் நிறுத்த மாட்டான்."

பன்னிரண்டு மணிக்கு ஜும்மா. அன்றைக்குக்கூடப் பாதி வேலையை அப்படியே விட்டுவிட்டுத் தொழுகைக்குப் போய்வந்தவர் அவர். அந்த வாரம் முழுக்க நான் ஊசி போட்டபடியே தங்கக் கடத்தல், சாராயக் கடத்தல் என்று வரிசையாக யோசித்தேன். சேவியரைத் தனியே அனுப்ப மனமில்லாமல்தான் நானும் ஏறினேன்.

பெரிய சாலையை விட்டிறங்கி, டயரில் காற்றைக் குறைத்துக்கொண்டு மணலுக்குள் போனோம். வண்டி உறுமியது, திணறியது, ஆனால் நிற்கவில்லை. கடைசியில் ஓர் ஒட்டகப் பட்டி, பக்கத்தில் தகரக் கொட்டகை. முதலாளி தொழுகைக்குப் போயிருந்தார். கொட்டகையிலிருந்து ஒருவர் நொண்டிக்கொண்டே வந்து என் பக்கத்தில் ஏறினார்.

"என் தம்பி பழனி" என்றார் ஜமால்.

பழனியா? ஜமாலுக்குத் தம்பியா? நெற்றியைத் தொட்டேன், கொதித்தது. காலில் சீழ் பிடித்த புண். "உங்க அண்ணன் ஏன் முன்னமே வரல?" என்று கேட்டேன்.

அந்த மனிதர் முன்சீட்டைப் பார்த்தார். "அண்ணனா? எனக்கு விசா குடுத்தவருதான்க்கா இவரு. கடை வேலைன்னு சொல்லி இங்க கொண்டாந்து விட்டுட்டுப் போனாரு."

சேவியர் வண்டியை நிறுத்தப் போனார். "நிறுத்தாத மச்சான், மணல்" என்றார் ஜமால். பிறகு திரும்பாமலே சொன்னார்: "என்கிட்டயும் கடை வேலைன்னுதான் சொன்னாங்க தங்கச்சி. தண்ணி லாரிக்காரன் சொல்லித்தான் இவன் கெடக்குற கெடை தெரிஞ்சுது. நெசத்தச் சொன்னா வந்திருப்பீங்களா?"

வந்திருக்க மாட்டோம். கஃபீல் என்கிற விசா முதலாளியிடமிருந்து ஓடியவரை வைத்திருந்தால் எங்கள் விசாவும் போய்விடும். ஆனால் ரோலாவில் ஜமாலின் ரூம் வாசலில் வண்டி நின்றபோது பழனி இறங்கவில்லை. "இவருகூடப் போவ மாட்டேன்" என்று சீட்டைப் பிடித்துக்கொண்டார். எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்தோம்.

புண் ஆறியது. கதவு தட்டும் சத்தம் கேட்டாலே பழனியை அடுப்படிக்குள் தள்ளிவிட்டுத்தான் திறப்பேன். ஜமால் அவ்வப்போது அரிசி மூட்டையை வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே வராமல் போவார். அந்த அரிசியையும் நான் துழாவிப் பார்த்துவிட்டுத்தான் உலையில் போட்டேன். பிறகு விசா இல்லாதவர்கள் ஊர் திரும்பலாம் என்று அரசாங்கத்தின் பொதுமன்னிப்பு வந்தது, பழனி ஊர் போய்ச் சேர்ந்தார். அதற்கப்புறம் அரிசி மூட்டை வரவில்லை. கடையில் விசாரித்தால், "காலி பண்ணிட்டுப் போயிட்டாரு" என்றார்கள்.

அந்த அரபி வீட்டை இடித்துவிட்டார்களாம். பட்டி இருந்த பக்கம் இப்போது அகலமான சாலையும் புல்வெளியும்தான் என்கிறார்கள். "பழனிய அங்கேருந்து கூட்டிட்டு வந்தது அவந்தானளா" என்று சேவியர் இன்றும் சொல்வார். "கொண்டுபோய் விட்டதும் அவருதான்" என்பேன் நான். நேரில் கேட்டுத் தீர்த்துக்கொள்ளலாமென்றால், விசாரித்த எந்த ஊரிலும் ஜமால் இல்லை.