ஷைலஜா மேடத்துக்கு மடித்த கடைசிப் புடவை

ஷைலஜா மேடம் நேற்று காலை இறந்துவிட்டார்... ஹார்ட் அட்டாக்.

இந்தப் பக்கத்தில் நான் மடித்த புடவைகளின் படம்தான் போடுவேன். இன்று படம் இல்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஜீவனஹள்ளியில் நானும் அம்மாவும் புடவை ப்ரீ-ப்ளீட்டிங் செய்கிறோம். கொசுவம் வைத்து, அயர்ன் செய்து, க்ளிப் போட்டு, பெட்டி மாதிரி மடித்துக் கொடுப்போம். கட்டுகிறவர் க்ளிப்பை எடுத்துவிட்டு அப்படியே சுற்றிக்கொள்ளலாம்.

மேடம் எங்கள் கஸ்டமர். ஒரு லேபில் ஜீன் ஆராய்ச்சி செய்தவர். மீட்டிங் என்றால் புடவையோடு வந்துவிடுவார்.

வாசலிலேயே "டீ பேடா அக்கா, டீ பேடா" என்பார். வேண்டாம் என்று கன்னடத்தில் சொல்லிக்கொண்டே உட்காருவார். அப்புறம் குடிப்பார்.

என் தம்பிக்குப் பேச்சு சரியாக வராது. கேட்டதையே திரும்பத் திரும்பச் சொல்வான். அவனைப் பார்த்துக்கொள்ளத்தான் நான் ஒன்பதாவதோடு நின்றேன்.

போன வருஷம் ஆஸ்பத்திரியில் டெஸ்ட் எடுத்து, ஃப்ராஜைல் எக்ஸ் என்றார்கள். ஜீனில் வருவதாம். அம்மாவுக்குப் புரியவில்லை. மேடத்திடம் கேட்டாள்.

மேடம் தன் புடவையையே விரித்துக் காட்டினார். "டிஎன்ஏ இந்த மாதிரி நீளமா இருக்கும் அக்கா. செல் அத படிச்சுட்டே போகும். இவனுக்கு ஒரு இடத்துல அதே எழுத்துங்க திரும்பத் திரும்ப வந்து ரொம்ப நீண்டு போச்சு. அந்த இடம் தானா மடிஞ்சுக்கும்... இப்படி." கொசுவத்தைப் பிடித்து க்ளிப் போட்டார்.

"செல் அந்த ஜீனையே மூடி வெச்சிடுது. மூளைக்கு வேண்டிய ஒரு புரோட்டீன் வரல. அதுல மடிப்போட பங்கு எவ்வளவுன்னு இன்னும் முழுசா தெரியாது. நாங்க பாக்குறதே அதத்தான். ஆனா மடிப்பெல்லாம் கெட்டது இல்ல. உங்க உடம்புல, என் உடம்புல எல்லாம் இருக்கு. எந்த ஜீன் எப்ப வேல செய்யணும், எப்ப சும்மா இருக்கணும்னு பாத்துக்கறதுல அதுக்கும் ஒரு கை உண்டு."

அம்மா பின்பாதியைக் கேட்கவே இல்லை. மடிப்பு என்ற இடத்திலேயே நின்றுவிட்டாள்.

தம்பி வயிற்றில் இருந்தபோது ஒரு கிரகணம் வந்தது. அன்று கர்ப்பிணி துணி வெட்டக் கூடாது, மடிக்கக் கூடாது என்பார்கள். ஆர்டர் இருந்ததால் அம்மா மடித்தாள். "கிரகணத்துல மடிச்சே இல்ல... அனுபவி" என்று அத்தை இன்றும் குத்திக்காட்டுவாள்.

அம்மா அதைக் காதில் வாங்காத மாதிரிதான் இருப்பாள். இப்போது படித்தவரே வந்து மடிப்பு என்று சொல்லிவிட்டார்...

மேடம் கிளம்பியதும், மறுநாள் கல்யாணத்துக்குத் தயாராக இருந்த புடவையின் க்ளிப்புகளைப் பிடுங்கி, உதறிப் போட்டாள். "இந்தக் கையாலதான்டி" என்றாள். அவ்வளவுதான்.

எனக்கு யாரிடமும் போனில் பேச வராது. மேடத்துக்கு மெசேஜ் டைப் செய்தேன். கிரகணத்தில் மடித்ததால்தான் தம்பி இப்படி என்று அம்மா அழுகிறாள்...

அதே ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

"அய்யோ அக்கா, போயும் போயும் உங்ககிட்ட புடவைய காட்டி சொன்னேனே! அது உங்ககிட்டயே இருக்கும், சின்னதா. நீங்க பொறக்கும்போதே இருந்தது. புள்ளைக்குப் போகும்போது நீண்டு போச்சு. கிரகணம் வந்தப்ப அது ஏற்கெனவே அவன்கிட்ட இருந்தது."

"அப்ப என்கிட்டேருந்துதானே வந்துச்சு?"

மேடம் பொய் சொல்லவில்லை. "ஹௌது அக்கா, ஆமா. எங்கம்மாகிட்டேருந்து எனக்கு சுகர் வந்துச்சு. அதுக்கு அவங்கள திட்டவா?"

அம்மா எழுந்து அயர்ன் பாக்ஸை ஆன் செய்தாள்.

"முந்தானைய பிடிங்க மேடம். காலைல பொண்ணு வீட்டுக்காரங்க வந்து நிப்பாங்க."

மேடம் பிடித்த பக்கம் எல்லாம் கோணல். "இந்தக் கைய வெச்சுட்டு லேப்ல என்னதான் பண்றீங்க?" என்று அம்மா கேட்டாள். மேடம் சிரித்த சிரிப்பில் தம்பியும் சிரித்தான்.

அதற்குப் பிறகு அத்தை கிரகணத்தைப் பற்றிப் பேசினால், அம்மா டிவி சத்தத்தைக் கூட்டுவாள்.

நேற்று மதியம் மேடத்தின் தங்கை ஒரு பச்சைப் புடவையோடு வந்தார். "எப்பவும் உங்ககிட்டதானே கொடுப்பா... இதையும் நீங்களே மடிச்சுக் குடுங்க."

நான் முந்தானையைப் பிடித்தேன். அம்மா கொசுவம் வைத்தாள். க்ளிப்பை எடுத்து நீட்டினேன்.

"வேணாம்டி. அங்க யாரு நின்னு கழட்டிட்டிருப்பாங்க? அழுத்தி அயர்ன் பண்ணா நிக்கும்."

அழுத்தி, அழுத்தி அயர்ன் செய்தாள்.

தங்கைக்கு நான் டீ கொண்டுபோனேன். மூலையில் உட்கார்ந்திருந்த தம்பி டம்ளரைப் பார்த்ததும், "டீ பேடா அக்கா, டீ பேடா" என்றான். அதே குரல், அதே இழுப்பு.

தங்கை டம்ளரைக் கையில் வாங்கியபடியே அவனைப் பார்த்துக்கொண்டு நின்றார்...

கொசுவம் கலையாமல் போய்ச் சேருங்கள், மேடம்.